தட்டிப் பார்த்த தோடி

மண்பானை வாங்கப் போகும் பெண்கள் அதனை ஒரு கையில் ஏந்தி, மறுகையின் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கணீரென்றால் பானை நல்லது. சொத்தென்று ஓசை அடங்கினால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காது கண்டுபிடித்துவிடும். இந்தச் சோதனையை நான் சென்ற மாதம் பண்டத்தரிப்பில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, பானைக்கன்று, ஓர் இசைத்தட்டுக்குச் செய்தேன். நடுத்துளையிலே சுட்டுவிரலை நுழைத்துத் தட்டைத் தொங்கவிட்டு, விளிம்பை மெல்லத் தட்டினேன். சொத்தென்றது.

அந்த ஓசையைக் கேட்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். எதிரே கதிரையில் இருந்த மாமி, “என்ன தம்பி, உடைஞ்சு போச்சோ?” என்று கேட்டார்.

மாமி என்பது முறைக்குத்தான். அவருடைய மகனும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவருக்கு இப்போது வயது 83. அவருடைய கணவர் 1950களில் இந்தப் பகுதியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். சில்லாலை, மாதகல், இளவாலை, சண்டிலிப்பாய் என்று சுற்றிலுமுள்ள ஊர்களில் கலியாணம் என்றாலும் கோயிற் கொடியேற்றம் என்றாலும் அவருடைய பெட்டியும் குழாயும் வண்டிலில் ஏறிப் போகும். மாமரத்து உச்சியில் கட்டிய அந்தக் குழாயிலிருந்து முதலில் வருவது நாதசுரமாகவே இருக்க வேண்டுமென்பது அவருடைய நியதி. அதிலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியாக இருக்க வேண்டும். எங்கள் சிறு வயதில், தோடி கேட்டால் எங்கோ சோறு வேகிறது என்று பொருள்.

அவர் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் 29 தட்டுகள் இருந்தன. அவற்றுள் 23 பழைய அரக்குத் தட்டுகள். 6 பின்னாளைய வைனில் நெடுந்தட்டுகள். கனடாவிலுள்ள சேகரிப்பாளர் ஒருவர் இதனைக் கேள்வியுற்று, அந்தத் தோடித் தட்டு முதல் அச்சாகவும் நல்ல நிலையிலும் இருக்குமாயின் வாங்கிக்கொள்வதாக உறவினர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அவர் குறித்த தொகை சிறிதன்று. மாமியின் வீட்டுக் கூரையிலே மேற்குப் பக்கத்து ஓடுகள் பாதி இல்லை. மாரிக்கு இன்னும் நாள் அதிகம் இல்லை. “நீ இதுகளைப் பற்றிப் படிச்சனி. பார்த்து ஒரு கடிதம் எழுதிக் குடு” என்றார் மாமி. நான் படித்தவனல்லன், பள்ளிக்கூடத்திற் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். ஆயினும் நாற்பது ஆண்டுகளாகப் பழைய தட்டுகளைத் தேடித் திரிந்த பைத்தியம் எனக்கு உண்டென்பதை ஊர் அறியும்.

ஒரு பழைய தட்டைச் சோதிக்க முற்படுவோர் முதலில் அறிய வேண்டியது, கையிலிருப்பது எதனாற் செய்யப்பட்டது என்பதே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. துரியோதனன் பாண்டவருக்குக் கட்டிய மாளிகையும் அந்த அரக்குத்தான். மரக்கொப்புகளில் மொய்க்கும் சிறு பூச்சிகள் கக்கும் பிசின் அது. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி வட இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. தட்டிலே அரக்கு சிறுபங்குதான். கற்பொடியும் விளக்குக் கரியும் பஞ்சு நாரும் சேர்த்துப் பிசைந்து, சூடாக்கி, அச்சிலிட்டு அழுத்தினால் தட்டு பிறக்கும். கற்பொடி ஏனென்று கேட்கலாம். அதற்கொரு காரணம் உண்டு. அக்காலத்து எஃகு ஊசி, முதற் சில சுற்றுகளுக்குள்ளேயே அந்தப் பொடியில் உராய்ந்து தேய்ந்து, வரிப்பள்ளத்தின் வடிவத்துக்குத் தானே பொருந்திக்கொள்ள வேண்டுமென்பதே ஏற்பாடு. ஊசி தேயவேண்டும்; தட்டுத் தேயக்கூடாது. அதனாலேதான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று விதித்தார்கள். ஆனால் ஊசிப் பெட்டி ஒன்றை வாங்கினால் ஒரு திருவிழாக் காலம் முழுவதும் ஓட்டிவிடுவதே நம்மவர் சிக்கனம். தேய்ந்த ஊசியின் முனை உளியைப் போலாகும்; அதன்மேல் ஒலிப்பெட்டியின் பாரம் 100 கிராமுக்கு மேல் அழுத்தும். பிறகு எது தேயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தத் தேய்வைக் காண ஒளி பக்கவாட்டில் விழவேண்டும். நேராகப் பார்த்தால் எல்லாத் தட்டும் கறுப்புத்தான். மாலை வெயில் விறாந்தைக்குள் சாய்ந்து வரும்போது தட்டைக் கண்மட்டத்தில் ஏந்திச் சற்றே சரித்துப் பார்க்க வேண்டும். தேயாத வரிகள் ஈரமான கருங்கற்போல் மின்னும். தேய்ந்தவை சாம்பல் பூசியதுபோல மங்கித் தெரியும். இசை ஓங்கி ஒலிக்கும் இடங்களிலேயே சாம்பல் முதலிற் படியும். மாமியின் தோடித் தட்டில் முதற்பக்கம் பெரும்பாலும் சாம்பல். மறுபக்கம் அவ்வளவு மோசமில்லை. ஆலாபனையின் தொடக்கத்தைப் போட்டுவிட்டுச் சனம் கூடியதும் சினிமாப் பாட்டுக்கு மாறிவிடுவது கலியாண வீட்டு வழக்கமாதலால், மறுபக்கம் பிழைத்தது போலும்.

துடைப்பது பற்றி ஒரு வார்த்தை. இது என் பிழையிலிருந்து பெற்ற அறிவு. இருபத்தைந்து வயதில், வசந்தகோகிலம் பாடிய ஒரு தட்டிலிருந்த பூஞ்சணத்தைப் போக்க, மருந்துக் கடையிலிருந்து ஸ்பிரிட் வாங்கி வந்து பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, மகிழ்ந்தேன். மேலும் துடைத்தேன், மேலும் கறுத்தது. அரக்கு ஸ்பிரிட்டிற் கரையும் என்பதைத் தச்சு வேலை செய்யும் எவரும் எனக்குச் சொல்லியிருப்பார்கள். அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்தல்லவா அவர்கள் மரத்துக்கு மெருகிடுகிறார்கள்! நான் கேட்கவில்லை. துடைத்தது அழுக்கையன்று, அந்த அம்மையாரின் குரலை. வைனில் தட்டுக்கு ஸ்பிரிட் அவ்வளவு பகையன்று. அரக்குத் தட்டுக்கோ மென்மையான சவர்க்காரம் சிறிது கலந்த தண்ணீரும் மெல்லிய துணியுமே போதும். அதுவும் நடுவிலுள்ள காகிதச் சிட்டை நனையாமல்.

இனி அச்சுப் பற்றிய செய்தி. ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள் ஒன்றுபோல் இருக்குமா? ஏட்டுச்சுவடிகளோடு பழகிய இலக்கிய அன்பர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம்முடைய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். மூலத்திலிருந்து படி, படியிலிருந்து படி என்று இறங்க இறங்கப் பிழை ஏறும். இசைத்தட்டிலும் அதுவே. பாடகர் பாடும்போது மெழுகுத் தட்டொன்றில் வரி விழும். அதன்மேல் உலோகம் படியவைத்து உரித்தால் வருவது எதிருரு. அதனைத் தொழிலாளர் ‘தந்தை’ என்பர். தந்தையிலிருந்து எடுப்பது ‘தாய்’. தாயிலிருந்து எடுப்பதே தட்டுகளை அழுத்தும் அச்சு. ஓர் அச்சு சில நூறு தட்டுகளை அழுத்தியபின் முனை மழுங்கும். அதைக் களைந்து தாயிலிருந்து வேறொன்று எடுப்பார்கள். விற்பனை உள்ள பாட்டு ஆண்டுக்கணக்காக மீண்டும் மீண்டும் அச்சேறும். ஆகவே புதிய அச்சில் முதலில் அழுத்திய தட்டையே சேகரிப்போர் தேடுகிறார்கள். அதில் ஒலியின் நுனிகள் கூர்மையாக இருக்கும். பெருமைக்காகத் தேடுவோரும் உண்டு. அவர்களை இங்கே விட்டுவிடுவோம்.

எந்த இடத்தில் அழுத்தியது என்பதும் முக்கியம். 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிந்துகொண்டு போன கெய்ஸ்பேர்க் என்பவர், அவற்றைத் தட்டாக்க ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்கே அனுப்ப வேண்டியிருந்தது. பாடி முடித்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை இன்றும் கேட்கலாம். மொழி தெரியாத ஹனோவர்த் தொழிலாளர் சிட்டையை மாற்றி ஒட்டிவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் சொல்லவைத்தார்கள் என்பர். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை எழுந்தது. 1928இல் டம்டம்முக்கு மாறியது. நம் வீடுகளிலிருந்த நாய்ப் படத் தட்டுகளிற் பெரும்பாலானவை டம்டம்மிற் பிறந்தவை. அங்கிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து, சென்னையிலிருந்து போட் மெயிலில் தனுஷ்கோடிக்கும், கடல் கடந்து தலைமன்னாருக்குமாக அவை யாழ்ப்பாணம் சேர்ந்தன. உடையும் பண்டம் இவ்வளவு தூரம் உடையாமல் வந்ததே பெரிது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. இலங்கையின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதியை இறுக்கியது. வைனில் நெடுந்தட்டுகள் நம்மூரில் அரிதாய் இருப்பதற்கு இதுவும் காரணம்.

அச்சின் அடையாளங்கள் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று நடுவிலுள்ள சிட்டை. அதன் நிறமும் எழுத்தமைப்பும் தட்டெண்ணும் விளிம்பிலுள்ள சிறிய வாசகங்களும் காலத்தைக் காட்டும். மற்றது, இசை முடிந்தபின் சிட்டை வரையுள்ள வெற்று வளையத்திற் பொறித்த எண். சிட்டை பொய் சொல்லலாம், மாற்றி ஒட்டப்படலாம். பொறித்த எண் அச்சோடு பிறந்தது, அது மாறாது.

மாமியின் தட்டிற் சிட்டை இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மாமி எடுத்துச் சென்றவை ஒரு பை உடுப்பும் காணி உறுதியும் மட்டுமே. தட்டுப் பெட்டி பரணில் இருந்தது. மறு ஆண்டு திரும்பியபோது வீட்டின் மேற்குக் கூரையைக் காணவில்லை. பெட்டிக்குள் மழைநீர் புகுந்திருந்தது. நீர் வற்றியபின் கறையான் புகுந்திருந்தது. கறையானுக்கு அரக்கும் கல்லும் ஆகா, காகிதம் ஆகும். உறைகளையும் சிட்டைகளையும் அது ஒழுங்காகத் தின்று முடித்திருந்தது. தோடித் தட்டின் ஒரு பக்கத்திற் சிட்டை முற்றாக இல்லை. மறுபக்கத்திற் பிறைத்துண்டளவு காகிதம். அதில் ‘இந்தியாவிற் செய்தது’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம் மட்டும். ஆகவே டம்டம் தட்டாக இருக்கலாம். அதற்குமேற் சொல்வதற்கில்லை.

எஞ்சியது பொறித்த எண். வெறுங்கண்ணுக்கு அது புலப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து வெண்கட்டி ஒன்றை எடுத்தேன் (ஓய்வு பெற்றும் விடாத வழக்கம்). அதைப் பொடித்து அந்த வெற்று வளையத்தில் மட்டும் தடவி, விரலால் வழித்தேன். பள்ளங்களில் வெள்ளை தங்கி, எண் எழும்பி வந்தது. கரும்பலகையில் எழுதியது போலவே இருந்தது. மாமி கதிரையிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கடைசி இலக்கம் ஒன்றைத் தவிர எல்லாம் தெளிவு. அந்தக் கடைசி இலக்கம் 3 ஆகவும் இருக்கலாம். 8 ஆகவும் இருக்கலாம். அவ்விடத்தில் ஒரு தேய்வு.

இங்கேதான் என் மனம் சற்றுத் தடுமாறியது என்பதை ஒளிக்காமற் சொல்லவேண்டும். கனடாவிலிருப்பவர் அனுப்பிய குறிப்பிற் கண்ட எண்ணின் கடைசி இலக்கம் 3. நான் ‘3’ என்று எழுதினால் மறுப்பார் யார்? தட்டு அவர் கைக்குப் போன பின்னரும் அது ஐயத்துக்குரிய இலக்கமாகவே இருக்கும். மேற்குக் கூரையைத் திரும்பிப் பார்த்தேன். ஓடில்லாத இடத்தில் தென்னங்கீற்று ஆடுவது தெரிந்தது. பாடபேதம் உள்ள இடத்திற் பதிப்பாசிரியன் தன் வசதிக்கேற்ற பாடத்தைக் கொள்ளலாமா என்று மேல் வகுப்பு மாணவருக்குப் பாடம் நடத்தியவன் நான். தவிரவும், இலக்கம் 3ஆகவே இருந்தாலும் அது காட்டுவது எந்தப் பதிவு என்பதைத்தான். அந்தப் பதிவின் முதல் அச்சா, பத்து ஆண்டு கழித்து அழுத்திய அச்சா என்பதைச் சிட்டையின்றி அதனாற் சொல்ல இயலாது.

அடுத்த நாள் என் இசைக்கருவியைக் கொண்டுபோனேன். 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது. அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள முனை வேண்டும். நெடுந்தட்டுக்குரிய மெல்லிய ஊசியை அதில் வைத்தால், அது பள்ளத்தின் அடியிற் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். எஃகு ஊசிகள் பெரும்பாலும் பள்ளத்தின் ஒரு குறித்த உயரத்தையே உராய்ந்திருக்கும்; ஆகவே சற்றே பருத்த முனையை வைத்துப் பார்த்தேன், தேயாத மேற்சுவரைத் தொடுமென்று. நம்பிக்கை பொய்க்கவில்லை. சட்டியில் எண்ணெய் பொரிவதுபோன்ற இரைச்சலுக்கு அப்பால் நாதசுரம் எழுந்தது. கூடவே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’. விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே ஓடும் மயிரிழை வெடிப்பு அது. பானைச் சோதனையிற் கண்டது. அரை அங்குலத்தில் ஏறக்குறைய 45 வரி. நிமிடத்துக்கு 78 சுற்றானால் அது அரை நிமிடத்துக்குச் சற்று மேல். அந்தக் கணக்கை நான் மனத்திற் போட்டுக்கொண்டிருக்கையில் மாமி சொன்னார்: “இன்னும் கொஞ்சத்தில நிண்டிடும் தம்பி. மாதகலில ஒரு கலியாண வீட்டில வண்டிலால இறக்கேக்க விழுந்தது. அண்டைக்கிருந்தே உது இருக்கு.”

நின்றது. அதன்பின் தோடி மட்டும். பக்கம் முடிந்ததும் மாமி கையை உயர்த்திப் போதும் என்றார். மறுபக்கத்தை நான் போடவில்லை.

மற்றத் தட்டுகளையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை. அரக்குத் தட்டுகளில் ஏழு இரண்டாகவே உடைந்திருந்தன. நெடுந்தட்டுகளில் நான்கு கூரைச் சூட்டில் வளைந்து அப்பளம்போலாகியிருந்தன. ஒன்று, இங்கிலாந்தில் ஹேய்ஸ் என்னுமிடத்தில் அழுத்திய மேனாட்டு வாத்திய இசை. மாமியின் மைத்துனர் அங்கு படித்த காலத்தில் அனுப்பியதாம். அதில் ஒரு விநோதம். ‘கிராமபோன் லிமிடெட்’ என்பதை ஆங்கிலத்திற் சுருக்கி எழுதினால் ஒன்றோடொன்று ஒவ்வாத பத்து எழுத்துகள் வரும். அவற்றை 1 முதல் 9 வரையும் பின்னர் சுழியத்துக்குமாக வைத்து, அச்சின் வரிசை எண்ணை அந்தத் தொழிற்சாலையினர் எழுத்தாற் பொறித்தனர். ‘ஜி’ என்றால் 1. ‘ஆர்’ என்றால் 2. ‘எம்’ என்றால் 4. மாமியின் தட்டில் ஒரேயோர் எழுத்து: ‘ஆர்’. இரண்டாவது அச்சு. கடிகார முகத்தில் மூன்று மணிக்குரிய இடத்தில், வெற்று வளையத்தில் ஒற்றை எழுத்தாக அது இருந்தது. உறையைக் கறையான் தின்றிருந்தும் தட்டு கண்ணாடிபோல் இருந்தது. அந்த வீட்டில் எவரும் அதைக் கேட்டதில்லை.

கடிதம் எழுதினேன். பழைய தட்டு வாணிகரின் மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. புதிது, புதிதை ஒத்தது, மிக நன்று, நன்று என்று அவர்கள் தரம் பிரிப்பார்கள். அதில் ‘நன்று’ என்றால் நன்றன்று; பாட்டுக் கேட்கும், ஆனால் இரைச்சலோடு கேட்கும் என்பதே பொருள். தோடித் தட்டுக்கு அந்த ‘நன்று’ என்பதைக்கூட நான் கொடுக்கவில்லை. மயிரிழை வெடிப்பு அரை அங்குலம், முதற்பக்கம் பெரிதும் சாம்பல், சிட்டை இல்லை, கடைசி இலக்கம் 3 அல்லது 8, அச்சு எதுவென்று அறிய இயலவில்லை. இவ்வளவையும் எழுதி, ஹேய்ஸ் தட்டைப் பற்றியும் அதன் எழுத்தைப் பற்றியும் கீழே சேர்த்தேன். மாமிக்கு வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “நீ எழுதினால் எழுதினதுதான்” என்றார். அதில் மெச்சுதலும் இல்லை, குறையும் இல்லை. எனக்கு அது சுட்டது.

மூன்று கிழமை கழித்து மறுமொழி வந்தது. தோடி வேண்டாமாம். ஹேய்ஸ் தட்டை எடுத்துக்கொள்கிறாராம்; உடையாத அரக்குத் தட்டுகளில் ஐந்தையும் சேர்த்து. வந்த பணம் மேற்குக் கூரையில் அடுக்களைக்கு மேலுள்ள பகுதிக்குக் காணும். அறைக்கு மேலே இந்த மாரிக்கும் தறப்பாள்தான். ஓடு போடுகிற அன்று நானும் போயிருந்தேன். தோடித் தட்டை மாமி பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்திருந்தார்; படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். கார்த்திகையில் அவருடைய கணவரின் திவசம். அன்றைக்குக் கருவியைக் கொண்டுவர வேண்டுமாம். மறுபக்கத்தையும் கேட்க வேண்டும் என்கிறார்.